கிடந்தபடியே ஒரு கொம்பு

எழுபதுகளின் தொடக்கத்தில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் நான் குடியிருந்த கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு தமிழ்ப் பல் டாக்டர் இருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். எங்கே போனாலும் தரையைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பார். பனி உருகியதும் ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே இருந்த பொதுக் காட்டுக்குப் போய், குளிர்காலத்தில் மான்கள் உதிர்த்துவிட்டுப் போன கொம்புகளைத் தேடுவார். மூன்று வருடமாகத் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

ஒருநாள் என்னையும் காரில் அழைத்துப் போனார். எனக்கு அதில் அனுபவமே கிடையாது. ஷூ லேஸைக் கட்டக் குனிந்தபோது, ஈரச் சருகுகளுக்கு நடுவே பழுப்பாக ஏதோ தெரிந்தது. மூன்று கிளை விட்ட கொம்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் எடுத்தோம் என்று ஆகிவிட்டது.

"நீங்களே வச்சுக்குங்க சார்" என்று நீட்டினேன்.

"வேண்டாம். அது எப்படிக் கிடந்துதோ அப்படியே திரும்ப வைங்க."

வைத்தேன். அவர் இருபதடி பின்னால் போய், மெதுவாக நடந்து வந்தார். பிறகு அதன் பக்கத்தில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இப்படித்தான் இருக்குமா? காய்ஞ்ச குச்சின்னு நினைச்சு எத்தனையைத் தாண்டிப் போனேனோ."

கொம்பை என்னிடமே கொடுத்துவிட்டு, வந்த வழியிலேயே மறுபடியும் தேடப் போனார். நான் காரில் காத்திருந்தேன். மாலையில் வெறுங்கையோடு வந்தார். முழங்காலெல்லாம் சேறு.

"அடுத்த ஞாயிறும் வர்றீங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம், கொம்பு கிடைத்த எனக்கு அன்று ஏன் வரவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன்.