ஞாயிற்றில் இழுக்காத வலை

புளியங்கூடல் பவதாரணிக்குப் பிசியோதெரபி வேலை. பாரிசவாதம் வந்த ஆட்களின் வீடு தேடிப்போய் கை கால் அசைக்கப் பழக்குவாள். படித்தது அதுதான், ஆனால் அவளுக்குக் கைகொடுப்பது கற்பனை. வாத்தியாருக்குக் கரும்பலகை, தையல்காரிக்கு மெசின் என்று எல்லாவற்றையும் வெறும் காற்றில் உண்டாக்கிக் கொடுப்பாள். விசர் வேலை என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

பிறகு எங்கள் பக்கத்து வீட்டுச் சில்வெஸ்ரரிடம் வந்தாள். ஊர்காவற்றுறைக் கரையில் அவரைப்போல வலை இழுக்க ஆளில்லை. பாரிசவாதத்தில் வலக்கை விழுந்ததும் மனுசன் சாப்பாட்டை விட்டுவிட்டார். மனைவி மாக்கிறேற் சோறு தீத்த வந்தால் வாயை இறுக்கிக்கொள்வார்.

"என்ர கையால தின்ன ஏலாதெண்டால் எனக்குச் சாப்பாடு வேண்டாம்."

ஏதோ இரண்டு மிடறு கஞ்சியில் உயிர் ஓடியது. கை திரும்பாவிட்டால் ஆள் தப்பமாட்டார் என்று எங்களுக்குப் பயம்.

பவதாரணி பயிற்சி என்ற பேச்சையே எடுக்கவில்லை. "ஐயா, வலை கனக்குது. ஒருக்கால் பிடியுங்கோ," என்றாள். மனுசன் இழுத்தார். நாளடைவில் விரல் மடங்கியது, தோள் அசைந்தது. அதோடு விட்டாரா? அவள் கயிறு பிடிப்பது பிழை, நிற்பது பிழை, வள்ளத்தைக் கவிழ்க்கப் போகிறாள் என்று ஏச்சு வேறு. ஆனால் கை வாய்வரைக்கும் எழும்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். சில்வெஸ்ரர் அசையவேயில்லை.

"இண்டைக்குக் கடலுக்குப் போறேல்லை."

"ஐயா, இது சும்மா நினைக்கிற வலைதானே."

"எந்த வலையெண்டாலும் ஞாயிறு ஞாயிறுதான் பிள்ளை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இல்லாத வலைக்கும் ஓய்வுநாளா? பவதாரணி கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப பூசைக்குப் போவம். மணி அடிக்குது. சாமியாரும் வந்திட்டார்," என்று எழுந்து, பக்தியோடு சிலுவை அடையாளம் போட்டாள். சைவப் பிள்ளை. வயிற்றில் தொடங்கி, நெற்றிக்குப் போய், இரண்டு காதையும் தொட்டு முடித்தாள்.

சில்வெஸ்ரருக்குப் பொறுக்கவில்லை. "கோயிலுக்குள்ள இதென்ன கூத்து? இஞ்ச பாரும்," என்றார்.

வலக்கை எழும்பியது. நடுங்கி நடுங்கி நெற்றியைத் தொட்டது. நெஞ்சுக்கு இறங்கி, இடத்தோளுக்குப் போய், வலத்தோளுக்கு வந்தது.

"இப்பிடி," என்றார்.

மாக்கிறேற் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஏன் மறைப்பான், எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பவதாரணி மட்டும் கை கூப்பியபடி நின்றாள், பூசை இன்னும் முடியவில்லையாம்.

சில்வெஸ்ரர் மனைவியைப் பார்த்து அதட்டினார்.

"பூசைக்குள்ள சத்தம் போடாதை. முடிஞ்சாப்போல புட்டு கொண்டு வா. புட்டுக் கோப்பையை வலக்கைப் பக்கம் வை."