மெமோவில் இருந்த வார்த்தை

கவனச் சிதறலுக்குச் சிகிச்சை தருவது, உளவியலாளரான என் தொழில். எதிரே உட்காருபவர்கள் ஒன்றை மட்டும் சிதறாமல் கவனிப்பார்கள், நான் என்ன எழுதுகிறேன் என்பதை. என்னைப் போலவே மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்டுப் பிழைக்கும் சக தொழில்காரர்களான உங்களுக்கும் அந்தப் பார்வை பழகியிருக்கும்.

பேனா

மஞ்சுளாவுக்கு இருபத்து நான்கு வயது. மத்தூர்ப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியில், லென்ஸுக்கு அடியில் சின்ன உலோகப் பாகங்களைத் திருப்பிப் பார்த்து, கீறல் விழுந்ததை ஒதுக்கும் வேலை. முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தப்பாது. அதற்குப் பிறகு கீறல் விழுந்ததும் அவள் கண்ணில் படாமல் போய்விடும். "டாக்டரைப் பாரு" என்று சூப்பர்வைசர் அனுப்பியிருந்தார்.

உள்ளே வந்ததும் சுவர், அலமாரி, மேலே மின்விசிறி வரை பார்த்தாள். கம்பெனியிலிருந்து யாராவது என்னிடம் பேசினார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை.

"அப்ப அந்தப் பேனாவை மூடுங்க மேடம். பேசறேன்."

ஊருக்கு ஒரு போன்

கவனச் சிதறல் என்ற இந்தக் கோளாறு வேலைக்குப் போன பிறகு முளைப்பதில்லை. சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சான்றிதழுக்காக வந்திருக்கிறாளோ என்று எனக்கும் சந்தேகம். அவளிடம் சொல்லிவிட்டு, அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்தில் எப்படி, பொருளைத் தொலைப்பாளா, சொன்னதை மறப்பாளா?

அம்மா அடுக்கினார். தொலைத்ததே இல்லை, மறந்ததே இல்லை, ஒரு நாளும் சோறு குழைந்ததில்லை. மஞ்சுளாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. "பொண்ணைப் பத்தி விசாரிக்கணும்னா நேரா வீட்டுக்கு வாங்க. போன்ல என்ன விசாரணை?"

நாகரசம்பட்டியில் கட்டிக்கொடுத்த அக்காதான் உண்மையைச் சொன்னாள். "சின்ன வயசுல மாந்தோப்புல காவலுக்கு வெச்சா அணிலைப் பராக்கு பார்த்துக்கிட்டு இருப்பா. பின்னாடி காயைப் பறிச்சுட்டுப் போயிடுவாங்க. நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

மருந்துக் கடை

இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அணில் மேல் இருந்ததும் கவனம்தான். அதை வேண்டிய இடத்தில் நிறுத்திவைக்கும் பிடிதான் தளர்ந்திருக்கிறது. மாத்திரை அந்தப் பிடிக்குக் கொஞ்சம் உதவும்; மீதியை வேலையைப் பிரித்துச் செய்து பழக வேண்டும். எங்கள் மனநல மருத்துவர் இதையெல்லாம் சொல்லித்தான் சீட்டு எழுதினார். மஞ்சுளா பாதி நம்பிக் கடைக்குப் போனாள். கடைக்காரர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் எதிரிலேயே சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தார்; எடுத்தது நான்.

"சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுக்கறதை இந்தப் பொண்ணு தனக்குன்னு கேக்குது. சீட்டு நெசமா மேடம்?"

கடிதம்

மாத்திரையால் குணம் தெரிய ஆரம்பித்த மூன்றாவது வாரம், பழைய தப்புகளுக்காக மெமோ வந்தது. விசாரணைக்குப் போக வேண்டும். பதில் சரியில்லை என்றால் வேலை போய்விடும். ஒரு கடிதம் கேட்டாள். அவளும் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதினேன். "இவருக்குக் கவனக்குறைவுக் கோளாறு உள்ளது."

மஞ்சுளா பையிலிருந்து மெமோவை எடுத்து, கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள். "பணியில் கவனக்குறைவு" என்று இருந்தது. என் படிப்பில் அது நோயின் பெயர். அவள் கம்பெனியில் அது குற்றத்தின் பெயர். இரண்டு தாளையும் என் பக்கம் தள்ளினாள்.

"அவங்க சொன்னதையே நீங்களும் எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்பவாவது சொல்லுங்க மேடம், நீங்க கம்பெனி ஆளுதானே?"

விசாரணைக்குப் பிறகு

அந்தத் தாளைக் கிழித்தேன். ஒரே பொருளை நெடுநேரம் பார்ப்பதில் மூளை சார்ந்த சிரமம், சிகிச்சை நடக்கிறது, மணிக்கொருமுறை வேலையை மாற்றிக் கொடுத்தால் போதும் என்று வேறு தாளில் எழுதினேன். நான்கு முறை படித்துவிட்டு வாங்கிப் போனாள்.

அடுத்த வாரம் வந்தாள். வேலை தப்பியது. ஒரு மணி நேரம் லென்ஸ், ஒரு மணி நேரம் பேக்கிங். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "சிகிச்சை"யில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. முன்பே பார்த்தாயா என்று கேட்டேன்.

"அன்னைக்கே பார்த்தேன். சொன்னா திருத்தி எழுதறேன்னு பழைய வார்த்தையைப் போட்டுடுவீங்களோன்னு விட்டுட்டேன்."

இப்போதெல்லாம் கடிதத்தை ஒருமுறை சத்தமாகப் படித்த பிறகே சீல் வைக்கிறேன். எதிரே இருப்பவர் சிகிச்சைக்கு வந்தவரா, என்னைச் சோதிக்க வந்தவரா என்ற சந்தேகம் மட்டும் எந்த மாத்திரைக்கும் போகாது போலிருக்கிறது.