விழுந்த பால்கனியும் என் மனைவியும்

என் மனைவிக்கு இடிந்த கட்டடங்கள்தான் பிழைப்பு. எது எங்கே விழுந்தாலும், ஏன் விழுந்தது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுக்கும் இன்ஜினியர். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள்; அப்புறம்தான் வீட்டுக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பாள். இதனாலேயே என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எங்களைக் கூப்பிடுவதில்லை. எனக்கு அதில் பரம நிம்மதி.

போன வருஷம் ஒரு புது வீட்டின் பால்கனி, கட்டி ஆறே மாதத்தில், மழை பெய்த ஒரு மதியம் முறிந்து விழுந்தது. நல்லவேளை, கீழே யாருமில்லை. மேஸ்திரி சிமெண்டைத் திருடிவிட்டார் என்று வீட்டுக்காரர் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லியும் வைத்தார். முப்பது வருஷம் சம்பாதித்த பெயர் போய், கையிலிருந்த இரண்டு வேலைகளும் மேஸ்திரியை விட்டு நழுவின.

காரணம் கண்டுபிடிக்க வந்த என் மனைவி உடைந்த துண்டுகளைச் சோதித்தாள். சிமெண்டில் ஒரு குறையும் இல்லை. கம்பி கிடந்த இடம்தான் தப்பு. சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் பால்கனிக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். இங்கே அடியில் ஒட்டிக் கிடந்தது.

"மேலதாம்மா கட்டினேன். கீழ எப்படிப் போச்சுன்னு சத்தியமா தெரியல," என்றார் மேஸ்திரி.

கட்டும்போது எடுத்த படங்கள் ஏதாவது உண்டா என்று இவள் கேட்டாள். வீட்டுக்காரரின் மனைவி பெருமையாகப் போனை நீட்டினார். கான்கிரீட் கொட்டுவதற்குச் சற்றுமுன் எடுத்த படம். மாமியார், மச்சான், சித்தப்பா, குழந்தை குட்டி என்று பதினோரு பேர், கட்டிவைத்த கம்பிகளின் மேலேயே ஏறி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வீட்டுக்காரர், ஜம்மென்று. அவர்கள் காலடியில் கம்பி அமுங்கிப் படுத்திருந்தது. இறங்கிய பிறகு அதை யாரும் தூக்கிவிடவில்லை.

வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டு உடன்போன நான் சிரிப்பை அடக்க இருமித் தொலைத்தேன்.

"அப்ப என்மேல தப்பில்லதானேம்மா?"

"இருக்கு மேஸ்திரி. இறங்குங்கன்னு சொல்லியிருக்கணும். போட்டோ எடுத்தது யாரு?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "நான்தாம்மா. நெருக்கி நில்லுங்கன்னு வேற சொன்னேன்."

இரண்டு பக்கத் தப்பையும் அப்படியே எழுதினாள். மேஸ்திரி திருடவில்லை என்பதைத் தனி வரியாக, முதலில் எழுதினாள். வீட்டுக்காரர் மென்று முழுங்கி, முன்பு சொன்னவர்களிடமெல்லாம் போய்ச் சொன்னதைத் திருத்தினார். மறுபடி கட்டும் வேலையையும் அதே மேஸ்திரிக்கே கொடுத்தார். மனுஷன் அவ்வளவு மோசமில்லை.

கான்கிரீட் போடும் காலையில் வீட்டுக்காரர் குடும்பத்தோடு தெருவிலேயே நின்றுகொண்டார். இவள் கம்பியின் உயரத்தை அளக்க டேப்போடு மேலே போய், நடக்கப் போட்டிருந்த பலகையைத் தாண்டிக் கம்பிமேல் ஒரு காலை வைத்தாள்.

"யாரும்மா அது? காலை எடுங்க மொதல்ல!"

மேஸ்திரி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. இவள் துள்ளிப் பின்வாங்கினாள். அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, குரலைத் தணிக்கவும் இல்லை.

"என்னையே வெரட்டிட்டாருங்க, பாத்தீங்களா?" என்று வீடு வந்து சேரும்வரை பூரித்துப்போய்ச் சொல்லிக்கொண்டே வந்தாள்.