இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. 2009-இல் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா தன் பூர்வீகம் சேத்தியாத்தோப்பு என்றார். அடுத்த மாதம் வந்தவர்களிடம் பண்ருட்டி என்றார்.
2. நான் அத்தையிடம் கேட்டேன். அத்தை கடலூர் என்றார்.
3. கடலூரில் ஒரு மாதாகோயிலின் பழைய பதிவேடுகளை ஏழு சனிக்கிழமைகள் உட்கார்ந்து படித்தேன்.
4. ஏழாவது சனிக்கிழமை ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.
5. மாதாகோயில் உபதேசியார் அதைப் பார்த்துப் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதினார்.
6. பதினான்கு மாதம் கழித்து அப்பாவின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது.

நான்கும் ஐந்தும் இல்லாவிட்டால் ஆறு நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஆனால் வரிசை இதுதான்.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. சிதம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். நான் இரசாயனப் பொறியியல் முடித்துவிட்டுக் கடலூரில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரே மாதிரிக்கு இரண்டு விடை வந்தால் மூன்றாவது முறை சோதித்துப் பார்ப்பது அங்கே வழக்கம். அப்பா சொன்ன இரண்டு ஊர்களையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அம்மாவிடம் கேட்டதற்கு, "எந்த ஊரா இருந்தா இன்னா? வர்றவங்க ஊரையா கட்டிக்கப் போறாங்க?" என்றார். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் ஏற்கெனவே ஒருமுறை குளித்திருந்தார்.

முதலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைத் தேடலாம் என்று நினைத்தேன். பத்து வருடத்துக்கு ஒருமுறை வீடு வீடாக வந்து எழுதிப்போகிறார்களே, தாத்தாவின் பெயர் எங்காவது இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மாவட்ட அலுவலகத்தில் இருந்த பெண்மணி சிரித்துவிட்டார். "தலையத்தான் எண்ணுவோம்மா, பேர வெச்சிக்க மாட்டோம். எழுதுன தாளெல்லாம் எப்பவோ போயிடுச்சி. ஊருக்கு எத்தினி பேரு, அதுல எத்தினி இந்து, எத்தினி கிறிஸ்டின், அதான் இருக்கும். உங்க தாத்தாவும் அதுக்குள்ள ஒரு நம்பரா இருப்பாரு, போ."

அதன்பிறகுதான் அத்தை. அப்பாவின் அக்கா. கடலூர் பழைய நகரத்தில் தனியாக இருந்தார். கிறிஸ்தவர். கல்யாணத்துக்காக மதம் மாறியவர் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பூர்வீகம் எது என்று கேட்டதும் அத்தை திருப்பிக் கேட்டார்.

"உங்கப்பன் இன்னா சொன்னான்?"

"சேத்தியாத்தோப்பு. பண்ருட்டின்னும் சொன்னாரு."

"இன்னும் கிள்ளைன்னு ஒரு ஊரு பாக்கி இருக்கு, அதையும் சொல்லச் சொல்லு." அத்தை சிரிக்கவில்லை. "எங்கப்பாவோட சவப்பெட்டிய கோயிலுக்குள்ள கொண்டுபோனப்ப அவன் வாசல்ல நின்னுட்டான்டி. வண்டிக்குக் காவலாம். அந்த வண்டி எங்க ஓடிப்போவப் போவுது? நமக்கு ஊரு இதே கடலூருதான். நீ இங்க மாதாகோயிலுக்குப் போயி புஸ்தகத்தப் பாரு. எல்லாம் எழுதியிருக்கும். நான் சொன்னேன்னு சொல்லாத."

எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. எங்கள் சாதியில் பிறந்தவர் இந்துவாக இருந்தால் எஸ்.சி. சான்றிதழ் கிடைக்கும். கிறிஸ்தவராக இருந்தால் பி.சி. மட்டும்தான். தெரு அதே தெரு, அந்தத் தெருவைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளிப்பதும் அதேதான், சான்றிதழ் மட்டும் வேறு. அப்பாவின் வேலை எஸ்.சி. இடத்தில் வந்தது. என் பொறியியல் படிப்பும் அப்படியே. இவ்வளவும் தெரிந்த நான், இதையும் மாதாகோயில் புத்தகத்தையும் சேர்த்து வைத்து ஒருமுறைகூட யோசிக்கவில்லை. புத்தகம் பழையது, சான்றிதழ் நடப்பில் இருப்பது. என் மனதில் அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள்.

கோயில் அலுவலகத்தில் பதிவேடுகள் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் எழுபது வயது உபதேசியார். ஜெபம் சொல்லிக் கொடுப்பதும், துக்க வீட்டுக்கு முதலில் போவதும், புத்தகங்களைக் காப்பதும் அவர் வேலை. நான் யார் வீட்டுப் பெண் என்று சொல்ல அத்தையின் பெயரே போதுமானதாக இருந்தது. "கையக் கழுவிட்டு வா பாப்பா. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பக் கூடாது" என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

பழைய புத்தகங்கள் லத்தீனில் இருந்தன. எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் கட்டங்கள் எல்லா மொழியிலும் கட்டங்கள்தான். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தகப்பன், தாய், ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பன், ஞானத்தாய். இன்னது இன்னது என்று உபதேசியார் ஒருமுறை விரலால் காட்டியதும் பிடித்துக்கொண்டேன். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் ஞானத்தாய் யார் என்று பார்த்துப் பிரித்தேன். எங்கள் குடும்பத்துக்குத் திரும்பத் திரும்ப ஒரே வீட்டுக்காரர்கள்தான் ஞானப்பெற்றோராக நின்றிருந்தார்கள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்துக் கணினியில் அட்டவணை போட்டேன். நாலு தலைமுறை கிடைத்தது. காலராவில் ஒரே வாரத்தில் போன மூன்று குழந்தைகள் கிடைத்தார்கள். கொள்ளுத்தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில், எந்த வெள்ளைக்காரச் சாமியாரோ, எங்கள் சாதியையும் மறக்காமல் எழுதியிருந்தார்.

ஐந்தாவது சனிக்கிழமை பதினான்காம் எண் கிடைத்தது. ஒரு புனிதரின் பெயர். தகப்பன் என் தாத்தா. பிறந்த தேதி, அப்பாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருக்கும் அதே தேதி. அப்பாவுக்கு அப்படியொரு பெயர் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அப்போது எனக்கு வந்தது மகிழ்ச்சிதான். இதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் சொல்லவில்லை. முழுவதும் முடித்து, அச்சடித்து, அப்பாவின் பிறந்த நாளுக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அதற்கு அப்பாவின் பதிவுக்கு ஒரு நகல் வேண்டும் என்று தோன்றியது. அதுதான் ஏழாவது சனிக்கிழமை.

நகலுக்குப் படிவம் இருந்தது. ஞானஸ்நானப் பெயர், பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயர், இப்போதைய விலாசம், தொழில், எதற்காகத் தேவை. கட்டத்தைக் காலியாக விடும் பழக்கம் எனக்கு இல்லை. அலுவலகத்தின் பெயர், பதவி உள்பட எல்லாவற்றையும் தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதினேன். அருகில் பண்ருட்டிப் பக்கத்து ஆள் ஒருவர், மகள் கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்கும் ஓலைக்காகக் காத்திருந்தார். என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"உங்கப்பாவா? சிதம்பரம் ஆபீஸா? அட, அங்க நம்ம மச்சான் ஒருத்தன் இருக்கானே" என்றார். பிறகு, "நம்ம ஆளுன்னே தெரியாமப் போச்சே!" என்றார்.

அவர் குரலில் கெட்டது எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

உபதேசியார் படிவத்தை வாங்கிப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. ஊரை விட்டுப் போனவர்கள் எங்கே, எந்தப் பெயரில் இருக்கிறார்கள் என்று தெரியவந்தால், பதிவின் ஓரத்தில் குறித்து வைப்பது அவர் வழக்கம். நாளைக்கு அந்த வீட்டுப் பிள்ளைகள் யாராவது தேடி வந்தால் உதவும் அல்லவா. பேனாவை உதறி, அப்பாவின் பள்ளிப் பெயரையும் பதவியையும் ஊரையும் அப்பாவின் பதிவுக்கு நேராக எழுதினார். மை காய ஊதினார். "காணாமப் போன ஆடு கெடச்சிடுச்சி" என்றார்.

அதுவரை அந்த இரண்டு பெயர்களும் ஒரே தாளில் இருந்ததில்லை. அப்பாவுக்கு இருந்த பாதுகாப்பு அது ஒன்றுதான்.

பிறந்த நாள் வந்தது. அதற்குள் எனக்கே ஏதோ சரியில்லை என்று பட ஆரம்பித்திருந்தது. அச்சடித்ததை என் அலமாரியில், சுடிதார்களுக்கு அடியில் வைத்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தேன்.

கடிதம் வந்தது 2011-இன் தொடக்கத்தில். ஒரு மனுவின் பேரில் அவருடைய சாதிச் சான்றிதழின் மெய்த்தன்மை விசாரிக்கப்படும் என்று இரண்டு வரி. மனு யார் போட்டது என்று இல்லை. அதே வாரம் கணக்கெடுப்புக்கு ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் "மதம்?" என்றார். அப்பா அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்து மேசை ஓரமாக வைத்தார்.

"சார் யோசிக்கிறாரு பாருங்க. பரீட்சையா சார் வெக்கிறேன்?" என்றார் ஆசிரியை.

"இந்து" என்றார் அப்பா. சொல்லும்போது ஆசிரியையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையோ தேடுவது போல இருந்தது.

ஆசிரியை போனதும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். தேதி வாரியாகச் சொன்னேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கடைசிவரை கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி:

"ஓரத்துல எழுதுனது மையா, பென்சிலா?"

"மை."

அப்பா தலையாட்டினார். பிறகு, முதல்முறையாக, அவராகவே சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் விடுதி கிடைக்க வேண்டும் என்றால் இந்து என்று எழுதுங்கள், பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னாராம். தாத்தா கைநாட்டு வைத்தாராம். "அன்னைக்கு ராத்திரி சோறு விடுதியில" என்றார். பிறகு கல்யாணம் இந்து வீட்டில், இந்து முறையில். அவர் அப்படியேதான் வாழ்ந்தார். நடிக்கவில்லை. ஆனால் பிறப்பில் யார் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் கடலூர் போனோம். கோயில் வாசலில் அப்பா கொஞ்சம் நின்றார். பிறகு உள்ளே வந்தார். உபதேசியார் அவரை அடையாளம் கண்டு, "தம்பி! வாப்பா, வா" என்று எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

"போன மாசம் ஒருத்தரு வந்தாரு தம்பி" என்றார். "மாமியார் வழி ஆளுங்களத் தேடுறேன்னாரு. இதே வருஷத்துப் புஸ்தகந்தான் கேட்டாரு. எடுத்துக் குடுத்தேன். செல்லுல படம் புடிச்சிக்கிட்டாரு." அலமாரியைத் திறந்தார். "நான் எழுதுனத அடிக்க எனக்கு உரிமை இல்ல தம்பி. சாமியாரும் ஒத்துக்க மாட்டாரு."

புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தார். அப்பா பக்கத்தைத் திருப்பும்வரை இருந்தார். பிறகு, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். கொஞ்சம் லேட்டாவும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அவர் எதற்காகப் போனார் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது. ஒரே ஒரு தாள். தையல் இற்றுப்போயிருந்தது, மெதுவாக இழுத்தாலே வந்துவிடும். என் கைப்பையின் ஜிப் திறந்தே இருந்தது. அதைத் திறந்தது நான்தான்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வரியைப் படித்தார். பிறகு பக்கத்தில் இருந்த மற்ற வரிகளையும் படித்தார். "இவன் எங்கூட கோலி ஆடுவான். செம அழுகுணி" என்றார் ஒன்றைக் காட்டி.

"அப்பா, நேரமாவுது."

"படம் புடிச்சிட்டுப் போயிட்டான்ல? இனிமே இந்தத் தாள் இல்லன்னா, எடுத்தது யாருன்னு கேப்பான். முப்பது வருஷமா ஃபைல் பாக்குறேன். இருக்குற பக்கத்துக்கு வெளக்கம் சொல்லிடலாம். இல்லாத பக்கத்துக்குச் சொல்ல முடியாது." புத்தகத்தை மூடினார். "அதுவுமில்லாம இந்த அழுகுணிப் பயலுக்கு இது வேணுமா இருக்கும்."

உபதேசியார் திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாங்கள் எடுத்துவிட்டோம் என்று நினைத்தாரா, இல்லையென்று நினைத்தாரா, தெரியவில்லை.

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாமி படங்களைப் பார்த்தார்கள். அம்மாவின் தாலியைப் பார்த்தார்கள். நாங்கள் எந்தப் பண்டிகை கொண்டாடுகிறோம் என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். அப்பா ஒன்றையும் மறைக்கவில்லை. பிறந்தது அங்கே, ஒன்பதாம் வகுப்பிலிருந்து இப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தையிடமும் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார்.

அவர்கள் அத்தை வீட்டுக்கும் போனார்கள். அத்தை, "எனக்குக் கூடப்பொறந்த தம்பின்னு யாரும் கெடையாது" என்று சொல்லிவிட்டார். பயத்திலா, எங்களைக் காப்பாற்றவா என்று நான் கேட்டதற்கு, "ரெண்டுந்தான்" என்றார். அத்தையின் பதிவு அதே அலமாரியில், மூன்று வருடம் முந்தைய புத்தகத்தில் இருக்கிறது. தாய் தகப்பன் அதே பெயர்கள். மொத்த விசாரணையிலும் பொய் என்று நிரூபிக்க முடிந்தது அந்த ஒரு வாக்குமூலம்தான். அது எங்கள் தரப்பில் சேர்ந்துவிட்டது.

இப்போது 2012. இந்த ஆண்டு கடைசியில் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது, ஓய்வு பெற வேண்டும். மூன்று முறை விசாரணைக்குப் போய்வந்துவிட்டார். உத்தரவு வரவில்லை. வக்கீல், பிழைக்கலாம் என்கிறார்; பிழைக்காமலும் போகலாம் என்கிறார். எதிராக வந்தால் வேலையும் ஓய்வூதியமும் போகும், அதையொட்டி என் சான்றிதழையும் கேட்பார்கள். உத்தரவு வரும்வரை அத்தையுடன் பேச வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால் யாரும் பேசுவதில்லை. எனக்கு வரன் பார்ப்பதை நிறுத்தியிருக்கிறோம். அப்பா தினமும் ஒன்பதரைக்கு அலுவலகம் போகிறார்.