மினசோட்டாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்

தன் தொழிலை விற்ற பிறகு வந்த முதல் குளிர்காலத்தில், ஏரி உறைந்ததும் ஆர்லின் ட்வைட் என்னை மீன்பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனான். பனியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். மற்றபடி அதில் ஒன்றும் இல்லை. நான் உட்கார்ந்தேன். அவன் ஒரு துளை போட்டு எட்டிப் பார்த்தான். அந்த இடம் பிடிக்கவில்லை. பத்தடி தள்ளி இன்னொன்று போட்டான். பொழுது சாய்வதற்குள் என்னைச் சுற்றிப் பனி சல்லடையாகிவிட்டது. ஒரு துளையிலும் அவன் தூண்டில் இறங்கவில்லை.

“கொஞ்சம் உக்காரேன்டா,” என்றேன்.

“உக்காந்துதானே இருக்கேன்,” என்றான், நின்றுகொண்டே.

நாற்பது வருடம் கிணற்றுக்குப் போர் போட்டவன் அவன். எங்கள் ஊர் ஸ்வென்ஸ்பியைச் சுற்றி எந்தப் பண்ணை வீட்டில் குழாயைத் திறந்தாலும் வருவது அவன் தோண்டிய தண்ணீர்தான். அவன் வண்டியோடு அலைய, அவன் மனைவி லவோன் சமையலறை மேசையில் உட்கார்ந்து போன் எடுத்தாள், பில் போட்டாள், கொடுக்காதவர்களை நச்சரித்து வசூலித்தாள். பிள்ளைகள் இல்லை. தோள்மூட்டு தேய்ந்துபோய் டாக்டர் கையை விரித்ததும், வண்டி, வாடிக்கை எல்லாவற்றையும் வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு நல்ல விலைக்குக் கொடுத்தார்கள். அறுபத்தைந்து வயதில் ஆர்லின் கையில் கொத்தாகப் பணம் இருந்தது. செய்ய ஒரு வேலையும் இல்லை.

பணத்தை என்ன செய்வது என்று பேங்கில் முதலீடு பார்க்கும் கார்வினிடம் போனார்கள். ஆர்லினுக்கு ஒரே நிபந்தனைதான்: வரி கட்ட மாட்டான். வாஷிங்டனுக்கு வரி கட்டுவது அவனுக்குப் பல்வலி என்றால், மாநிலத் தலைநகர் செயின்ட் பாலுக்குக் கட்டுவது பல்லைப் பிடுங்குவது. கார்வின் அவர்கள் முன்னால் ஒரு மியூச்சுவல் ஃபண்டை வைத்தார். எங்கள் மாநிலமான மினசோட்டாவுக்குள் இருக்கிற ஊராட்சிகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரிகள், குடிநீர்த் திட்டங்கள் ஆகியவை வெளியிடும் கடன் பத்திரங்களை மட்டுமே வாங்கும் ஃபண்டு அது. மினசோட்டாவில் குடியிருப்பவர்களுக்கு அதன் வட்டிமேல் வாஷிங்டனும் கை வைக்காது, செயின்ட் பாலும் கை வைக்காது.

“ரெண்டு பேருக்கும் பட்டை நாமமா?” என்றானாம் ஆர்லின். மொத்தத்தையும் அதில் போட்டார்கள், இருவர் பெயரிலும்.

என் இரும்புக் கடையில் காலையில் காபி குடிக்க ஒரு கூட்டம் கூடும். அங்கே அவன் இதைச் சொல்லாத நாள் இல்லை. “மாசாமாசம் வட்டி வருது மார்வ். ஒருத்தனும் பங்குக்கு வரமுடியாது.” ஊரில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரிந்துவிட்டது, ஆர்லின் பணம் எங்கே இருக்கிறது என்று.

ஒரு வருடம் போயிற்று. நாட்டில் வட்டி விகிதம் ஏறத் தொடங்கியது. புதுப் பத்திரத்தில் கூடுதல் வட்டி கிடைக்கும்போது பழையதை யார் சீந்துவார்கள்? பழைய பத்திரங்கள் நிறைந்த அந்த ஃபண்டின் விலை இறங்கியது. வட்டி ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. முதல்தான் கரைவது போலத் தெரிந்தது. “பத்திரம் முதிர்ந்தா முழுப் பணமும் வரும், கொஞ்சம் பொறுங்க,” என்று கார்வின் சொன்னார். லவோன் பொறுத்தாள். ஆர்லினிடம் போய்ப் பொறு என்றால்?

ஃபண்டின் விலை ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் மாறும், சாயங்காலத்தில். அவன் காலையிலிருந்தே போனைத் தடவிக்கொண்டிருப்பான். கடைக்கு வருவான், ஆணிப் பெட்டிகளைக் கிளறுவான், போவான், திரும்ப வருவான். மதியத்தில் ஏரியை வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றுவான். புல் வளராத அக்டோபரில் புல் வெட்டினான். லவோன் ஒருநாள் என் மனைவியிடம் சொல்லி அழாத குறை: “மனுசன் சாப்புடுறதே நின்னுக்கிட்டுத்தான். சாப்பாட்டுத் தட்டைக் கையில ஏந்திக்கிட்டு ஜன்னல் ஜன்னலாப் போறான்.”

இப்படி இரண்டு வருடம்.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட விவகாரம் வந்தது. எங்கள் பள்ளியின் பாய்லர் எங்கள் அப்பா காலத்தது. முந்தின குளிர்காலத்தில் அது இரண்டு முறை உயிரை விட்டு, பிள்ளைகள் கோட்டும் குல்லாவுமாகக் கணக்குப் போட்டார்கள். கூரை வேறு ஒழுகியது. கட்டடத்தைப் புதுப்பிக்கக் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அந்தக் கடனை அடைக்க இருபது வருடத்துக்கு எல்லார் சொத்து வரியும் ஏறும். சம்மதமா இல்லையா என்று நவம்பரில் ஊரே ஓட்டுப் போட வேண்டும்.

ஆர்லினுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. ‘வேண்டாம்’ என்று பலகை அடித்துத் தெருத்தெருவாக நட்டான். பலகைக்குக் கட்டை என் கடையில்தான் வாங்கினான். கடன் சொல்லாமல் காசு கொடுத்தான். பழையபடி முகத்தில் ரத்தம் ஓடியது.

அக்டோபர் கடைசியில் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் நடந்தது. பள்ளிக் குழுவின் தலைவி டெஸ்ஸா உல்ஸ்டாட், மாட்டுப் பண்ணைக்காரி, கணக்குகளைப் பொறுமையாகச் சொன்னாள். ஆர்லின் உட்காராமல் பின்சுவரோரமாகவே நடந்துகொண்டிருந்தான். கேள்வி கேட்கலாம் என்றதும் அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

“என் வீட்டிலேருந்து ஒரு புள்ள இங்க படிக்கல. நான் ஏன் கட்டணும்? அதை விடு. சோளம் விலை இந்த லட்சணத்துல இருக்கு, ஊருல பாதிப் பேரு கெழடு. இந்த ஊரை நம்பி இருபது வருசத்துக்குக் கடன் குடுக்கிற கிறுக்கன் எவன் இருக்கான்?”

டெஸ்ஸா கணக்குத் தாளைக் கீழே வைத்தாள். “நீங்கதான், ஆர்லின்,” என்றாள்.

“என்னது?”

“உங்க ஃபண்டு இதைத்தானே வாங்குது? மினசோட்டாவுல இருக்கிற பள்ளிக்கூடப் பத்திரம். மத்த ஊர்க்காரன் வரி கட்டி வட்டி குடுத்தா இனிக்குது. நம்ம ஊருன்னா மட்டும் கசக்குதாக்கும்?”

எங்கள் ஊர்க்காரர்கள் வாய்விட்டுச் சிரிப்பவர்கள் அல்ல. கால்களை நகர்த்துவார்கள், தொண்டையைச் செருமுவார்கள். அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லவோனும் சிரித்தாள். அதைத்தான் அவன் பார்த்தான். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவள் வேறொருவர் வண்டியில் வீடு போக வேண்டியதாயிற்று.

மறுநாள் கடை திறந்ததும் வந்தான். ஒரு கதவுக் கீலை எடுத்தான், வைத்தான்.

“வித்துட்டேன்,” என்றான்.

“எதை?”

“ஃபண்டை. எல்லாத்தையும். கார்வின் கெஞ்சுனான், இப்ப வித்தா நட்டம்னு. நட்டமானா ஆவட்டும்டா. எவனும் இனிமே என்னைப் பாத்து அந்தப் பேச்சுப் பேச முடியாதில்ல?”

“லவோனுக்குத் தெரியுமா?”

அவன் கீலைத் திரும்பக் கையில் எடுத்தான். இருவரில் யார் சொன்னாலும் விற்கிற மாதிரி கணக்கு அது. “சொல்றேன். நேரம் வரட்டும்,” என்று மட்டும் சொன்னான். “நீ வாயைத் தொறக்காத.”

நானும் திறக்கவில்லை.

ஓட்டெடுப்பில் பள்ளிக்கூடம் நூலிழையில் ஜெயித்தது. ஆர்லின் பலகைகளைப் பிடுங்கி விறகாக்கினான். அதோடு அந்த வேலையும் முடிந்துபோயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். வட்டி ஏறியது போதும் என்று சந்தைக்கு அந்த நவம்பரில்தான் தோன்றியிருக்கிறது. இரண்டு வருடம் படிப்படியாக இறங்கிய கடன் பத்திரங்கள் சட்டென்று எழுந்து நின்றன. அவன் விற்று இரண்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றித் திருநாளுக்கு முந்தின வாரம் தேவாலயத்தின் அடித்தளத்தில் மீன் விருந்து நடந்தது. சோடாக் காரத்தில் ஊறவைத்துக் கொழகொழவென்று வேகவைத்த மீன். உருக்கின வெண்ணெயை அதன்மேல் ஊற்றி, எங்கள் நார்வே முன்னோர்களைச் சபித்துக்கொண்டே சாப்பிடுவோம். லவோன் என் எதிரே உட்கார்ந்திருந்தாள், ஆர்லின் அவள் பக்கத்தில். அவள் நல்ல உற்சாகத்தில் இருந்தாள்.

“ரேடியோவுல கேட்டியா மார்வ்? பத்திரமெல்லாம் ஒரே தாவாத் தாவுதாம். நான் சொல்லல, பொறுத்தாப் போதும்னு? ஆர்லின், போனை எடு. நம்ம ஃபண்டு என்ன விலைன்னு பாரு.”

அவன் மீனைக் குத்திக்கொண்டிருந்தான்.

“உன்னைத்தான். எந்நேரமும் அதையேதானே பாப்ப? இன்னைக்கு நல்ல நாளும் அதுவுமா பாக்க மாட்டேங்கிற.”

“நம்மகிட்ட ஃபண்டு இல்ல,” என்றான்.

“என்ன உளர்ற?”

“வித்துட்டேன். அந்தக் கூட்டத்துக்கு மறுநாள்.”

அவள் என்னைப் பார்த்தாள். என் முகத்திலேயே தெரிந்துவிட்டது, எனக்கும் தெரியும் என்று. அவள் கத்தவில்லை. எழுந்து, வெண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய் எல்லாருக்கும் ஊற்றினாள். திரும்பி வந்து குவளையை வைத்தாள். அவனிடம் குனிந்து, எனக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“நாப்பது வருசம் அந்தப் போனை எடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்னைக்குக்கூட எடுத்தேன். ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலல்ல உனக்கு?”

அன்று இரவே ஃபார்கோவில் இருக்கும் தன் தங்கை டார்லாவின் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆறு தாண்டினால் ஃபார்கோ; ஆற்றுக்கு அந்தக் கரை வடக்கு டக்கோட்டா, வேறு மாநிலம். முதலில் நாலு நாள் என்றாள். கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அங்கே ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசை வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டோம்.

ஆர்லின் நிலைகொள்ளாமல் தவித்தான். கடைக்கு வருவான், என் மனைவி கொடுக்கும் சூப்பை வாசலிலேயே குடிப்பான். என்மேல் அவளுக்கு இருந்த கோபம் நியாயம்தான் என்று நான் ஒருநாள் சொன்னபோது, “உம்மேல கோவமா? உன்னை அவ கணக்குலயே சேக்கல,” என்றான். அதுதான் அவன் அந்த மாதங்களில் அடித்த ஒரே ஜோக்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லிக்கொள்ளாமல் ஃபார்கோவுக்குப் போனான். அங்கே நடந்ததை அவனே எனக்குச் சொன்னான். டார்லாதான் கதவைத் திறந்தாள். லவோன் சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தானாம். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை. எழுந்தால் அவள் வெளியே போகச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, இருட்டும் வரை அந்த நாற்காலியிலேயே இருந்தானாம்.

“கால் ரெண்டும் மரத்துப்போச்சு மார்வ். எழுந்திருக்கல.”

கடைசியில் லவோன்தான் பேசினாள். “மிச்சப் பணம் எங்க இருக்கு?”

“பேங்குல. சும்மாக் கெடக்கு.”

“அதை எங்கிட்டக் குடுத்துடு. இனிமே நான் பாத்துக்கறேன். நீ விலையும் பாக்கக்கூடாது, போனும் பண்ணக்கூடாது.”

“சரி.”

“அதே ஃபண்டுலதான் திரும்பப் போடப்போறேன்.”

“அது ஏறிப்போச்சே. நான் வித்ததைவிட…”

“தெரியும். ஏறின விலைக்கே வாங்கறேன். நீ வாயை மூடு.”

டார்லா குறுக்கே புகுந்தாள். அவள் வரிக் கணக்கு எழுதுகிறவள். “ஏண்டி, நீதான் இங்கயே இருக்கப்போறேன்னியே. உனக்கெதுக்கு மினசோட்டா ஃபண்டு? அந்த மாநிலத்துச் சலுகை அந்த மாநிலத்துல குடியிருக்கிறவங்களுக்குத்தான். டக்கோட்டாக்காரிக்கு அதுல என்ன லாபம்?”

லவோன் ஒரு துண்டை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

ஆர்லின் விடைபெற்று வண்டியில் ஏறினான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ரொம்ப தூரம் வந்த பிறகுதான் டார்லா கேட்ட கேள்வி அவன் மண்டைக்கு ஏறியிருக்கிறது. வண்டியை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, வெளியே இறங்கி, காற்று வெட்டும் குளிரில் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தானாம். போலீஸ்காரர் ஒருவர் தன் வண்டியை நிறுத்தி, “எஞ்சின் கோளாறா?” என்று கேட்டாராம்.

“இல்ல. எம் பொண்டாட்டி வீட்டுக்கு வர்றா,” என்றானாம்.

பிப்ரவரியில் வந்தாள். அவனுக்காக வந்தாளா என்று என் மனைவி நாசூக்காகக் கேட்டபோது, “வீடு எம்பேர்லயும் இருக்கு,” என்று சொன்னாளே தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. சில மாதம் இருவரும் ஒரே வீட்டில் விருந்தாளிகள் போல இருந்தார்கள். இழந்த பணத்தில் ஒரு நல்ல பகுதி இழந்ததுதான், அது திரும்பாது. ஃபண்டின் கடவுச்சொல் அவளுக்கு மட்டும் தெரியும். ஓட்டெடுப்பில் அவன் எதற்கு ஓட்டுப் போட்டான் என்று ஒருமுறை கேட்டேன். “அது என் சமாச்சாரம்,” என்றான்.

அவன் இப்போது பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறான். ஆள் கிடைக்காமல் டெஸ்ஸா ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். லவோன்தான் இவன் பெயரைக் கொடுத்திருக்கிறாள், இவனைக் கேட்காமல். விடியுமுன் பண்ணை பண்ணையாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வருகிறான். நடுப்பகலில் போக இடமில்லாமல் இன்னமும் என் கடைக்கு வருகிறான்.

போன வாரம் வந்தபோது பள்ளிக் கடனுக்காக ஏறிய சொத்து வரிச் சீட்டு அவன் கையில் இருந்தது. “பாத்தியா அநியாயத்தை? அந்தக் கட்டடத்துல போய் நீ கதவைப் பாக்கணும்டா. கீல் அத்தனையும் சொத்தை. எங்க வாங்குனானோ!”

“எங்கிட்டத்தான் வாங்குனாங்க.”

“அதான பாத்தேன்,” என்றவன், பஸ் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே கிளம்பினான். பிள்ளைகளைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட இன்னும் நேரம் நிறைய இருந்தது.