தையல் போட்ட வயிறும் வாய் திறக்காத நானும்

ஆபரேஷன் பண்ணிப் பிள்ளை பெற்றவளுக்குப் பிள்ளையோடு சேர்த்து ஓர் உத்தியோகமும் வந்துவிடுகிறது: எதற்காகக் கிழித்தார்கள், அடுத்ததற்கும் கிழிப்பார்களா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லுகிற உத்தியோகம். என்னைப் போல வயிற்றில் தையல் வாங்கிய அக்கா தங்கச்சிமாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கோயிலில் கேட்பார்கள், ரேஷன் கடையில் கேட்பார்கள். கப்பல் டிக்கெட் வரிசையில் முன்னால் நிற்கிற, பெயர்கூடத் தெரியாத அம்மா திரும்பி நின்று கேட்பார்.

நான் அதிகம் படிக்கவில்லை. சுனாமி வந்தபோது நிக்கோபாரின் கச்சல் தீவில் ஆறாம் வகுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடமும் போனது, படிப்பும் போனது. போர்ட் பிளேரில் சித்தி வீட்டில் வளர்ந்து, கல்யாணமாகி அந்தமானின் பாராடாங் தீவுக்கு வந்தேன். ஜெட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு டீக்கடை. அங்கே இருந்துகொண்டுதான் இரண்டு பிள்ளை பெற்றேன். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

நிற்காத பஸ்

முதல் பிள்ளை, டாக்டர் சொன்ன தேதிக்குப் பிறகுதான் வரும் என்று அத்தை அடித்துச் சொன்னார். அத்தை என்றால் என் மாமியார், ராமநாதபுரம் பக்கத்து மனுஷி. அவர் பேச்சை நம்பி நாங்களும் பாராடாங்கிலேயே உட்கார்ந்திருந்தோம். பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை. தேதிக்கு முன்னாலேயே ஒரு காலையில் இடுப்பைப் பிடித்தது. ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய் போர்ட் பிளேர் பஸ் பிடித்தோம்.

எங்கள் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜாரவா பழங்குடிகள் இருக்கிற காட்டுக்குள் வண்டிகள் எல்லாம் போலீசோடு வரிசையாகத்தான் போகும், அதற்குக் கான்வாய் என்று பெயர். நடுவில் யாரும் நிறுத்தக் கூடாது. சரியாக அந்த நடுவில்தான் எனக்கு வலி கூடியது. நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்து வீட்டுக்காரர்தான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினார். நிறுத்தி என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. கண்டக்டர் எங்கள் கடையில் தினமும் டீ குடிக்கிறவர். இரண்டு சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்து என்னைப் படுக்க வைத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, கான்வாய் நடுவுல யாரையும் இறக்கிவிட எனக்கு ஆர்டர் இல்ல. உள்ள இருக்கிறவங்ககிட்டயும் சொல்லி வை, செக்போஸ்ட் தாண்டித்தான் இறங்கணும்!"

மரத்துப் போன இடம்

பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும் இறங்கவில்லை. அங்கே போன பிறகுதான் அதன் நாடித்துடிப்பு இறங்குகிறது என்றார்கள். பிறகு எல்லாம் வேகம். முதுகில் ஊசி, கண்ணுக்கு முன்னால் பச்சைத் திரை, பல் கிட்டுகிற குளிர். என்ன நடக்கிறது என்று கேட்க ஆசை. கேள்வி தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும்.

மகள் பிறந்து அழுதாள், நானும் அழுதேன். வார்டுக்கு வந்த பிறகு தலைமாட்டில் நின்ற கேரளத்து சிஸ்டர் என் கையைப் பார்த்துத் திடுக்கிட்டார். குளுக்கோஸ் ஊசி நழுவிக் கை பொம்மென்று வீங்கியிருந்தது. வலித்ததா என்று கேட்டார். வலித்தது, எல்லோரும் வேலையாக இருந்தீர்கள் என்று முனகினேன். சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்: "இதென்ன மோளே, ஊசி போட்டது முதுகில், மரத்துப் போனது வாயா?"

தலையணை ஏறினால்

எங்கள் பக்கம் ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவளைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். பிள்ளை வேறு யார் கையிலாவது இருக்கும். அவள் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ரோட்டுக் குழிகளில் வண்டி தூக்கிப் போடும்போது தையலுக்கு அதுதான் காவல். எனக்குச் சித்தி கொடுத்தது பூப்போட்ட உறை போட்ட தலையணை. அதை வைத்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

டிரைவர் என்னைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். ஒவ்வொரு குழிக்கும் வண்டியை முட்டை ஏற்றியவர் மாதிரி இறக்கி ஏற்றினார். சுண்ணாம்புக் குகை பார்க்கப் போகிற மெயின்லேண்ட் ஆள் ஒருவர் பின்னாலிருந்து, படகைத் தவறவிடப் போகிறோம், ஓட்டுகிறீர்களா உருட்டுகிறீர்களா என்று சத்தம் போட்டார். வேறு படகு கிடைக்கும், வேறு வயிறு கிடைக்காது என்பதை டிரைவர் எங்கள் தீவு ஹிந்தியில் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "போட் தூஸ்ரா மிலேகா சாப், பேட் தூஸ்ரா நஹீ மிலேகா!"

மாசியின் தீர்ப்பு

கடைக்கு வருகிறவர்களிடம் அத்தை என் கதையைத் தானே சொல்லிவிடுவார். "நாங்கள்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பெத்தோம், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காது. இவளுக்கு ஊசியப் போட்டு, எடுத்துக் கையில குடுத்துட்டாக." நான் வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கேளாதவள் மாதிரி நிற்பேன். ராத்திரி பூராவும் ஒருக்களித்துப் படுக்க முடியாமல், தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பி வந்ததை நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மீன் விற்கிற வங்காளிச் சின்னம்மா, எங்களுக்கு மாசி, ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டே டீ குடித்தார். எல்லாப் பிள்ளையையும் வீட்டிலேயே பெற்றவர் அவர். டம்ளரை வைத்துவிட்டு, மீன் கையை என் கடைத் துணியிலேயே துடைத்துக்கொண்டு, என் மகளைத் தூக்கி அத்தை முகத்துக்கு நேரே நீட்டினார்: "தீதி, எந்த வாசல் வழியா வந்தா என்ன, பச்சி வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டால்ல!"

எனக்கு ஒரு நாற்காலி

மகள் ஓடியாடித் திரிகிற வயதில் இரண்டாவது உண்டானது. இந்த முறை பாராடாங்கில் உட்கார்ந்து தேதி பார்ப்பதில்லை என்று முன்னாலேயே போர்ட் பிளேர் டாக்டரம்மாவிடம் போனோம். தமிழ் பேசுகிறவர். மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் வீட்டுக்காரர், ஒன்றில் அத்தை. வயிற்றுக்காரி நான் சுவரோரம் நின்றேன்.

வீட்டுக்காரருக்கு ஆபரேஷனே நல்லது. "தேதி குடுத்துட்டீங்கன்னா கடைக்கு ஆள் சொல்லிருவேன் மேடம்." அத்தைக்கு ஆபரேஷன் என்ற பேச்சே ஆகாது. "ஒரு தடவ கிழிச்சது பத்தாதா? இந்தத் தடவ தானா வரட்டும்." இருவரும் என் தலைக்கு மேலே வாதாடிக்கொண்டார்கள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில இருங்க" என்றார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்தது. முதல் முறை நாடித்துடிப்பு இறங்கியதால்தான் ஆபரேஷன். அது மறுபடியும் வந்தே தீரும் என்று இல்லை. இரண்டு பிள்ளைக்கும் நடுவில் இடைவெளி போதும், சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். ஆனால் ஃபெரியும் காடும் தாண்டி வருவதாக இருந்தால் அந்தப் பேச்சே கிடையாது, முன்னாலேயே வந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க வேண்டும். வலி விட்டு விட்டு வராமல் பழைய தையலிலேயே நின்று வலித்தால் உடனே சொல்ல வேண்டும். அது பிரிந்தால் பிள்ளைக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து. பிறகு, "நீ என்னம்மா சொல்ற?" என்றார்.

என்னிடம் அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. வெளியே வரிசையில் ஆள் இருமுவதெல்லாம் கேட்டது. கடைசியில், "முயற்சி பண்ணிப் பாக்குறேன் டாக்டர். முடியலன்னா நானே சொல்லிருவேன்" என்றேன். அவர் பேனாவை மறுபடியும் திறந்தார். "இத்தனை பேசவே இவ்வளவு நேரமாச்சு உனக்கு. வலியில இதைவிட வேகமாச் சொல்லணும், சொல்லுவியா?"

லம்பா லைனில் ஒத்திகை

வெளித்தீவுப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான். மாசம் நெருங்கினால் போர்ட் பிளேரில் ஏதாவது ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய்க் காத்திருக்க வேண்டும். எனக்கு ஏர்போர்ட் பக்கத்து லம்பா லைனில் சித்தி வீடு. காலையில் விமானம் இறங்குகிற சத்தத்தில் எழுந்தால், அக்கம்பக்கத்தார் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து "இன்னும் இல்லையா?" என்பார்கள். ஏதோ நான் வேண்டுமென்றே பிடித்து வைத்திருப்பது போல.

சித்திக்கு என்னைத் தெரியும். சுனாமித் தண்ணீர் வடிந்த பிறகு, காலில் ஆணி ஏறியதைக்கூட முகாமில் யாரிடமும் சொல்லாமல் நொண்டி நடந்தவள் நான். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதும் சித்தி எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். "எங்க, சொல்லு. 'சிஸ்டர், வலிக்குது.'" சொன்னேன். "எனக்கே கேக்கல, சிஸ்டருக்கு எப்படிக் கேக்கும்? இன்னும் சத்தமா." சொன்னேன். "விமானத்துல போறவனுக்குக் கேக்கணும்டி!" எனக்கும் கோபம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு "சிஸ்டர், வலிக்குது!" என்று வீடு அதிரக் கத்தினேன். கண்ணைத் திறந்தால் வாசல் நிறையப் பெண்கள். ஒருத்தி துண்டோடு, ஒருத்தி வெந்நீர்க் கெட்டிலோடு. எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அக்கா ஆட்டோவையே கூப்பிட்டு நிறுத்திவிட்டார். ஒத்திகை என்று தெரிந்ததும் அவர் மூச்சு வாங்கச் சொன்னார்: "அரே, ரிகர்சல்னா முன்னாடியே போல்னா, சொல்ல வேணாமா! நான் தாளிச்சத அப்படியே விட்டுட்டு ஓடி வந்தேன்."

அந்த வார்த்தை

வலி ஒரு பகலில் வந்தது. ஆட்டோவில் ஏறிய கையோடு ஆஸ்பத்திரி. லேபர் ரூமில் என்னைச் சுற்றி எல்லா மொழியிலும் கூச்சல். நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தேன். "இந்தப் பொண்ணப் பாருங்க, எவ்வளவு சமத்து" என்று ஓர் ஆயா மற்றவர்களுக்கு என்னைக் காட்டினார். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. இப்போது நினைத்தால் அதுதான் பயம்.

மத்தியானத்துக்கு மேல் ஏதோ மாறியது. வலி வந்து, ஏறி, இறங்கிப் போகும். ஆனால் அடிவயிற்றில், பழைய தையல் இருந்த இடத்தில், ஒன்று மட்டும் போகாமல் அங்கேயே நின்றது. சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் வேலையாக இருந்தார். அவர் முடிக்கட்டும் என்று நினைத்தேன். சமத்து என்று சொன்ன ஆயா என்ன நினைப்பார் என்றுகூட நினைத்தேன், நம்புங்கள். மறுபடியும் வலி இறங்கியது. தையல் வலி இறங்கவில்லை.

கத்தினேன். "சிஸ்டர், வலிக்குது! இது பிள்ள வலி இல்ல, தையல் வலி! விடாம வலிக்குது! டாக்டரக் கூப்பிடுங்க!" சிஸ்டர் ஓடி வந்து வயிற்றைத் தொட்டார், டாக்டரம்மாவுக்கு ஆள் போனது. கிட்டத்தட்ட ஓட்டமாகவே என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே பச்சைத் திரை. இந்த முறை குளிர்கிறது என்று சொன்னேன், இன்னொரு போர்வை வந்தது. கை வலிக்கிறது என்று சொன்னேன், ஊசியைச் சரிபண்ணினார்கள். மகன் பிறந்தான். டாக்டரம்மா முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு என் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தார்: "உள்ள பழைய தையல் வெங்காயத் தோல் மாதிரி ஆகியிருந்துச்சும்மா. நல்ல நேரத்துல கூப்பிட்ட. இவனைக் காப்பாத்தினதுல பாதி நீ."

அத்தை வந்தார்

மறுநாள் அத்தை ஃபெரியும் பஸ்ஸும் பிடித்து வந்து சேர்ந்தார். மறுபடியும் ஆபரேஷனா என்று கேட்கப் போகிறார் என்று நான் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டேன். ஆனால் பயமில்லை. கேட்டால் பதில் வைத்திருந்தேன். முயற்சி பண்ணுவேன் என்று சொன்னதும் நான், போதும் என்று சொன்னதும் நான்.

அத்தை கேட்கவில்லை. பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அவன் காலையே தடவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரி, "உங்க மருமக போட்ட சத்தம் வெளிய நின்ன எங்க ஆளுங்களுக்கே கேட்டுச்சு" என்று சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. என் கூந்தலை ஒதுக்கிவிட்டார், கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் மொதப் பிரசவத்துல சத்தம் போடாதன்னாக, நான் போடல. போட்டிருந்தா எனக்கு மூத்தது ஒண்ணு இருந்திருக்கும்த்தா. நீ நல்லா கத்துன."

வயிற்றை இரண்டு முறை தைத்தவர்கள் வாயை மட்டும் தைக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் இப்போது என் வீட்டுக்காரருக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் இருக்கிற ஒரே குறை.