டர்போ அக்காவின் காது

கண்ணை மூடி, தலையை லேசாக ஆட்டியபடி நிற்கிறாள் மெக்கானிக் டர்போ அக்கா. எதிரே கல்குவாரியில் கல் அள்ளும் பெரிய லோடர் உறுமுகிறது. அந்த உறுமலுக்கு உள்ளே மெல்லிய விசில் ஒன்று ஓடும்; எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் விசில். அது காதில் பட்டால் போதும், தூளியில் கிடப்பவள்போல அவள் முகம் இளகிவிடும். “தூக்கத்துலயும் விசிலடிக்கிறா” என்பது கணவரின் நிரந்தரப் புகார்.

அன்று காலை வெண்தூசி மூடுபனியாக மிதந்தது. முந்தின நாள் பாரத்தோடு மேடேறும்போது லோடர் சக்தியிழந்து பின்னால் உருண்டிருந்தது. ஓட்டுநர் பிழைத்ததே பெரிது. வண்டியின் திரையில் ‘டர்போ சென்சார் கோளாறு’ என்று வந்ததால், காற்றழுத்தத்தை அளந்து சொல்லும் அந்தச் சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பார்த்தாயிற்று.

“இவன் ஓட்டுற லட்சணம் அப்படி. நாளையிலேருந்து வேற ஆளு” என்றார் சூப்பர்வைசர்.

“நான் வேகமா ஏத்தலக்கா” என்றான் ஓட்டுநர்.

“ஏறு தம்பி. நானும் வர்றேன்” என்றாள் அக்கா.

பாரத்தோடு ஏறிய வண்டி பாதி மேட்டில் சோர்ந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் பிடித்தான். சக்தி முதலில் போனது; விசில் அதற்குப் பிறகுதான் தணிந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். “காத்து நல்லாத்தான் வருது. வரலைன்னு கம்ப்யூட்டர்கிட்ட யாரோ கோள்மூட்டுறாங்க.”

கீழே வந்ததும், குழந்தையின் தலைக்குச் சிக்கெடுப்பவள்போல சென்சார் ஒயரை விரலால் நீவிக்கொண்டே போனாள். ஒயரைத் தாங்கும் ஓர் இரும்புப் பிடியின் பின்னால் விரல் நின்றது. ஒயரின் மேல்தோல் தேய்ந்து செம்பு மினுங்கியது. பாரத்தோடு மேடேறி எஞ்சின் அதிரும்போது மட்டும் அது இரும்பில் உரசியிருக்கிறது.

தேய்ந்த இடத்தை வெட்டி இணைத்து, உறை போட்டு, இரும்பில் படாமல் தள்ளிக் கட்டினாள். சென்சார் முனையின் தூசியையும் துடைத்தாள்.

“மாசம் ஒரு தடவை ஒயரைத் தடவிப் பாருங்க சார். எஞ்சினை நிறுத்துறதுக்கு முன்னாடி மூணு நிமிஷம் சும்மா ஓடட்டும். டர்போ சூடு ஆறணும்ல? ஓடி வந்த ஆளை உடனே படுக்கப் போடுவீங்களா?”

அவள் வெட்டிப்போட்ட ஒயர்த்துண்டையே சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, நீங்களே மேடேத்திக் காட்டுங்க.”

அக்கா கேபினுக்குள் ஏறினாள். இருக்கையின் தூசியைச் சட்டைக் கையால் துடைத்தாள். பிறகு இறங்கி, ஓட்டுநருக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.